இலத்தீன் வராத குருவானவர்

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் பாஸ்டில் சிறையும் கில்லட்டினுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதே காலத்தில் பிரான்சின் சிற்றூர்களில் கோவில்கள் பூட்டப்பட்டதையும், அரசுக்கு உறுதிமொழி தர மறுத்த குருமார் ஒளிந்து திரிந்ததையும் நான் அறிந்தது ஜான் மரி வியான்னி என்பவரின் வரலாற்றைப் படித்த பின்னரே.

லியோன் நகரை அடுத்த தார்திய்யி என்னும் ஊரில் 1786 மே 8-இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1799-இல் அவர் முதல் நற்கருணை பெற்றது ஒரு வீட்டுக்குள். உள்ளே நடப்பது தெரியாதிருக்கச் சன்னல்களை மறைத்துப் புல் வண்டிகளை நிறுத்தியிருந்தார்களாம்!

ஆடு மேய்த்து வளர்ந்தவர், குருவாகும் ஆசையில் பாலே என்ற பாதிரியாரிடம் இலத்தீன் படிக்க அமர்ந்தபோது வயது இருபது, என் வயது. இடையில், 1809-இல் நெப்போலியனின் படைக்கு ஆளெடுத்தார்கள். படையோடு செல்லாமல், பொதுமன்னிப்பு வரும்வரை ஒரு மலைக் கிராமத்தில் ஓராண்டுக்கு மேல் மறைந்திருந்தார். 1813-இல் சேர்ந்த லியோன் குருமடத்தில் பாடமும் தேர்வும் இலத்தீனில். சில மாதங்களில் தகுதியில்லை என்று அனுப்பிவிட்டனர். பள்ளிவரை தமிழில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலத்தில் பௌதிகம் படிக்கும் நம்மவர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ? பாலே விடவில்லை. பிரெஞ்சு மொழியிலேயே கேள்வி கேட்கச் செய்தார், விடைகள் வந்தன. 1815 ஆகஸ்ட் 13-இல் குருப்பட்டம் கிடைத்தது.

1818-இல் அவருக்குக் கிடைத்த பங்கு, ஏறத்தாழ 230 பேரே வாழ்ந்த ஆர்ஸ். புரட்சியில் நொடித்துப்போன கோவில். கூலியை விழுங்கும் மதுக்கடைகள். அக்கடைகள் மூடப்படும்வரை அவர் ஓயவில்லை. கூலிக்காரர் வீட்டில் பிறந்தவன் என்பதால் இதை நான் இருகை கூப்பி வரவேற்கிறேன். ஆனால் ஊர்ப் பெண்களின் நடனத்தையும் அதே கடுமையோடு அவர் தடுத்தது எனக்கு உடன்பாடன்று. உழைத்துக் களைத்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சியும் கூடாதா? 1824-இல் ஏழைப் பெண் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளியும் இல்லமும் தொடங்கியவரும் இவரே.

அவர் உணவு பெரும்பாலும் அவித்த உருளைக்கிழங்கு. நள்ளிரவு கடந்ததும் எழுந்து, நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்கூடப் பாவசங்கீர்த்தனம் கேட்பார். கற்றவரும் கல்லாதவரும் வரிசையில் நாட்கணக்கில் காத்திருந்தனர். லியோன் ரயில் நிலையத்தில் ஆர்ஸ் பயணிகளுக்கென்றே தனிச் சீட்டறை திறக்க வேண்டியதாயிற்று. 1925-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1929-இல் உலகப் பங்குக் குருக்கள் அனைவருக்கும் பாதுகாவலராக்கியது.

அவரோ, கல்வியில்லாத தமக்கு இப்பதவி தகாது என்றே கடைசிவரை எண்ணினார். குருமடம் சொன்ன தீர்ப்பு அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது போலும். எங்கேனும் ஒரு மடத்தில் தனித்திருந்து அழ வேண்டுமென்று ஊரைவிட்டுப் புறப்பட்டது ஒருமுறையன்று. 1853-இல், அறுபத்தேழாம் வயதில், இருட்டோடு இருட்டாகக் கிளம்பினார். செய்தி பரவியது, கோவில் மணி ஒலித்தது. ஊரார் திரண்டு வழிமறித்தனர். திரும்பி வந்து மீண்டும் பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்ந்தார். 1859 ஆகஸ்ட் 4-இல் அவர் உயிர் பிரிந்தது ஆர்ஸில்தான்.