ஆசிரியைகளை உருவாக்கிய துர்காபாய்

தில்லி மெட்ரோவின் இளஞ்சிவப்பு வழித்தடத்தில் சரோஜினி நகரிலிருந்து ராஜௌரி கார்டன் நோக்கிச் செல்வோர், பிகாஜி காமா பிளேஸ், விஸ்வேஸ்வரய்யா மோதி பாக் ஆகிய நிலையங்களைக் கடந்ததும் துர்காபாய் தேஷ்முக் தென் வளாகம் என்னும் நிலையத்தை அடைவர். 2018 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்நிலையத்தின் பெயர் நாள்தோறும் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் தென் வளாகத்திற்குச் செல்லும் மாணவரும், நெடிய நடைபாலத்தின் வழியே தௌலா குவான் சென்று விமான நிலைய வண்டியைப் பிடிப்போரும் அங்கே இறங்குகின்றனர். அப்பெயருக்கு உரியவர் ஆந்திரத்தில் பிறந்து வளர்ந்து, சென்னையில் பணியாற்றி, பின்னர்த் தில்லிக்குக் குடிபெயர்ந்த ஒரு பெண்மணி.

துர்காபாய் 1909 ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று ராஜமுந்திரியில் பிறந்தார். கோதாவரிக் கரையில் அமைந்த அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. எட்டு வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகன் வசதி மிக்க குடும்பத்தைச் சேர்ந்த சுப்பாராவ். திருமணம் என்றால் என்னவென்று அறியாத வயதில் சிறுமியருக்கு மணம் செய்விப்பது அக்காலத்தில் பல குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. சிறுமி வளர்ந்தபின் கணவர் வீட்டிற்கு அனுப்பப்படுவாள். அவளது விருப்பம் யாது எனக் கேட்போர் அரியர்.

துர்காபாய் பதினைந்து வயதை எட்டியபோது தம் விருப்பத்தைத் தாமே கூறினார். அத்திருமண வாழ்வைத் தொடர இயலாது என்றும், தாம் கல்வியிலும் பொதுத்தொண்டிலும் ஈடுபடப் போவதாகவும் தெரிவித்தார். தந்தை ராமராவும் உடன்பிறந்தவரும் அம்முடிவை மதித்தனர். ஒரு பெண் வேண்டாம் என்று சொல்வதும், அதனை வீட்டார் ஏற்றுக்கொள்வதும் 1920களில் எளிய செயல்கள் அல்ல. துர்காபாயின் பெருமையைப் பேசுவோர், அவருக்குத் துணை நின்ற அந்த வீட்டாரையும் நினைத்தல் தகும்.

அவருடைய ஆசிரியப் பணி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பள்ளியில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்பதை எதிர்த்து இளவயதிலேயே பள்ளியை விட்டு நின்ற அவர், இந்தி கற்று, பெண்களுக்கு அம்மொழியைக் கற்பிக்கும் பாடசாலை ஒன்றை ராஜமுந்திரியில் தொடங்கினார். பாவாடை கட்டிய சிறுமி ஆசிரியை. அவர் முன் அமர்ந்தவர்களுள் அவரினும் மூத்த பெண்களும் இருந்தனர்.

1921 ஆம் ஆண்டு காந்தியடிகள் காக்கிநாடாவிற்கு வருவதாக இருந்தது. தேவதாசிப் பெண்களும், முகத்திரையணியும் இசுலாமியப் பெண்களும் அவரைத் தனியே சந்திக்க வேண்டுமென்று துர்காபாய் விரும்பினார். சமூகம் ஒதுக்கிவைத்த பெண்களும் வீட்டுக்குள் அடைபட்ட பெண்களும் பொதுக்கூட்டத்திற்கு வர இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஏற்பாட்டாளர்கள் 5000 ரூபாய் நிதி திரட்டித் தந்தால் சில நிமிடங்கள் ஒதுக்குவதாகக் கூறினர். தேவதாசிப் பெண்களே அத்தொகையைத் திரட்டினர். சில நிமிடங்கள் என்று தொடங்கிய சந்திப்பு நெடுநேரம் நீண்டது. பெண்கள் தம் அணிகலன்களையும் கழற்றிக் கொடுத்தனர். காந்தியடிகளின் பேச்சை மொழிபெயர்த்தவர் துர்காபாய். அப்போது அவர் ஒரு சிறுமி. நல்ல நோக்கம் மட்டும் போதாது, அதற்குப் பணமும் இடமும் நேரமும் ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பதை அவர் அன்றே கற்றுக்கொண்டார் எனலாம்.

இரண்டாண்டுகள் கழித்து அதே ஊரில் காங்கிரசு மாநாடு நடந்தது. கதர்க் கண்காட்சியின் வாயிலில் தொண்டராக நின்ற துர்காபாய், நுழைவுச்சீட்டு இல்லாமல் வந்த ஒருவரை உள்ளே விட மறுத்தார். வந்தவர் ஜவகர்லால் நேரு. ஏற்பாட்டாளர்கள் விரைந்து சென்று சீட்டு வாங்கி வந்த பின்னரே அவர் உள்ளே செல்ல முடிந்தது. இந்நிகழ்ச்சியைச் சொல்லாமல் துர்காபாயின் வரலாற்றை எவரும் எழுதுவதில்லை.

1930 ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற உப்புச் சத்தியாகிரகத்தில் அவர் முன்னின்றார். அடுத்த மூன்று ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் சிறை செல்ல நேர்ந்தது. வேலூர்ச் சிறையிலும் மதுரைச் சிறையிலும் அவர் காலம் கழிந்தது. மதுரையில் தனிமைச் சிறை அவர் உடல்நலத்தைக் குலைத்தது. ஆனால் அவர் வாழ்வின் திசையை மாற்றியது வேலூர்ச் சிறைதான்.

அங்கே அவர் கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற பெண்கள் பலரைக் கண்டார். அவர்களோடு பேசியபோது ஓர் உண்மை புலப்பட்டது. அவர்களுட் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் பக்கத்து நியாயத்தை வழக்கு மன்றத்தில் எவ்வாறு எடுத்துரைப்பது என்பதும் தெரியாது. வீட்டில் நேர்ந்த துன்பத்தைச் சொல்ல ஆள் இன்றி, சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிவிக்கவும் ஆள் இன்றி, அவர்கள் சிறைக்கு வந்து சேர்ந்திருந்தனர். விடுதலையானபின் அரசியலைச் சற்று ஒதுக்கிவைத்துச் சட்டம் படிப்பது என்று துர்காபாய் உறுதிகொண்டார்.

பள்ளியிறுதித் தேர்வே எழுதாதவர் சட்டம் பயில்வது எங்ஙனம்? அவர் மீண்டும் பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதித் தேறினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பயில விண்ணப்பித்தபோது, பெண்களுக்கு விடுதி இல்லை என்னும் காரணத்தால் இடம் மறுக்கப்பட்டது. அவர் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். விடுதி இருந்தால் படிக்க வருவோம் என்னும் பெண்கள் சிலரைத் திரட்டினார். இடம் தேடி விடுதியையும் தொடங்கினார். அதன்பின் மறுப்பதற்குக் காரணம் இல்லாமற் போயிற்று. 1942 ஆம் ஆண்டு சென்னையில் சட்டப்பட்டமும் பெற்று வழக்குரைஞரானார்.

தாம் பட்ட பாட்டைப் பிற பெண்கள் படலாகாது என்று அவர் எண்ணினார். 1930களின் பிற்பகுதியில், சென்னை மயிலாப்பூரில் சிறுமியரைக் கூட்டிப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய சிறு முயற்சி, ஆந்திர மகிளா சபை என்னும் அமைப்பாக வளர்ந்தது. பள்ளியை இடையில் விட்ட பெண்களைக் காசிப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வது அதன் பணிகளுள் ஒன்று. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், வீட்டில் அடியும் வசையும் தாங்காது வெளியேறியவர் எனப் பலர் அங்கே வந்தனர். அவர்களுக்குப் புகலிடம் மட்டும் தந்தால் போதாது. சொந்தக் காலில் நிற்க ஒரு தொழிலும் சான்றிதழும் வேண்டும் என்பது துர்காபாயின் துணிபு.

அவர் நெஞ்சத்தின் அகலத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. துர்காபாய் பிரிந்து வந்தபின் சுப்பாராவ் வேறொரு பெண்ணை மணந்தார். 1941 இல் சுப்பாராவ் இறந்தார். ஆதரவற்று நின்ற அந்தப் பெண் துர்காபாயிடமே வந்து சேர்ந்தார். துர்காபாய் அவரை ஏற்று, சபையில் தொழிற்பயிற்சி பெறச் செய்தார்; பின்னர் ஐதராபாத்தில் கைவினைப் பயிற்சி நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைக்கவும் உதவினார்.

1946 இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுத் துர்காபாய் தில்லி வந்தார். அச்சபையில் அவைத்தலைவர் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண் அவரே. பெண்களின் சொத்துரிமைக்காகவும் சிறுவரைச் சுரண்டலிலிருந்து காப்பதற்காகவும் அவர் வாதாடினார். அவ்வேலைகளுக்கிடையே, தில்லியில் குடியேறிய தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைகள் தாய்மொழியைக் கற்க இடமில்லை என்பதைக் கண்டு, 1948 இல் ஆந்திரக் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்கழகத்தின் பள்ளிகள் இன்றும் தலைநகரில் நடைபெறுகின்றன. வேற்றூரில் வளரும் பிள்ளையிடமிருந்து தாய்மொழி நழுவிப்போகும் என்பதைத் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளை நடத்துவோரைப் போலவே அவரும் அறிந்திருந்தார்.

1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். நேரு அவரைத் திட்டக்குழுவின் உறுப்பினராக்கினார். அங்கே நிதியமைச்சர் சிந்தாமணி தேஷ்முக்குடன் பழக்கம் ஏற்பட்டது. அவர் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநராக இருந்தவர், வடமொழியில் கவிதை புனையும் அறிஞர், மனைவியை இழந்தவர். 1953 ஜனவரியில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். சாட்சியாகக் கையெழுத்திட்டவர்களுள் நேருவும் ஒருவர். அப்போது துர்காபாய்க்கு 43 வயது. எட்டு வயதில் பிறர் முடிவு செய்த திருமணத்திற்கும், இருவரும் நன்கறிந்து மதித்துத் தாமே முடிவு செய்த இத்திருமணத்திற்கும் இடையே 35 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவ்வாண்டு ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் துர்காபாய். நாடெங்கும் தொண்டு செய்துவந்த சிறு நிறுவனங்கள் நன்கொடையை நம்பித் தடுமாறிக்கொண்டிருந்தன. முதலாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அத்தகைய நிறுவனங்களுக்கென 4 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தொகையை உரியவரிடம் சேர்ப்பது வாரியத்தின் பொறுப்பு. மானியம் வழங்குவதும் கணக்குப் பார்ப்பதும் கதைகளில் இடம்பெறும் வீரச்செயல்கள் அல்ல. ஆயினும் துர்காபாயின் வாழ்வில் மிகுந்த பயன் விளைந்த இடம் அதுவே. நிதியைக் கிராமங்கள் வரை கொண்டுசெல்ல மாநிலந்தோறும் ஆலோசனை வாரியங்கள் ஏற்பட்டன. பால்வாடி, தாய்சேய் நலம், கைத்தொழில், முதியோர் கல்வி ஆகியவை ஊர்களைச் சென்றடைந்தன.

இவற்றை நடத்தப் படித்த பெண்கள் வேண்டும். கிராமங்களில் அவர்கள் எங்கே? ஆசிரியை இல்லாத பள்ளிக்குப் பெற்றோர் பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கினர். பெண்பிள்ளைகள் படிக்காமையால் புதிய ஆசிரியைகள் உருவாகவில்லை. நகரத்து ஆசிரியையோ, தங்க வீடும் பாதுகாப்பும் இல்லாத ஊருக்குத் தனியே செல்ல அஞ்சினார். இந்தச் சுழலை உடைக்கும் வழியைத் துர்காபாய் தம் மயிலாப்பூர் அனுபவத்தினின்று எடுத்தார்.

1958 இல் வாரியம் சுருக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. இளமையில் ஓரளவு படித்து, திருமணத்தாலோ வறுமையாலோ பள்ளியை விட்ட பெண்கள் இரண்டாண்டுகள் முனைந்து படித்து, நடுநிலைப்பள்ளித் தேர்வையோ மெட்ரிகுலேஷன் தேர்வையோ எழுதலாம். பின்னர் ஆசிரியர், செவிலியர், கிராமசேவிகை முதலிய பணிகளுக்குப் பயிற்சி பெறலாம். வகுப்புகளை நடத்தும் நிறுவனங்களுக்கு வாரியம் மானியம் அளித்தது. ஒருகாலத்தில் வீட்டின் மூலையில் ஒடுங்கியிருந்த பெண், கரும்பலகையின் முன் சுண்ணக்கட்டியுடன் நிற்கும் நிலை இதனால் உண்டாயிற்று. அவ்வூர்ச் சிறுமியர் தம் துன்பத்தை அச்சமின்றிச் சொல்லத்தக்க ஒருவர் பள்ளியிலேயே இருந்தார்.

அதே ஆண்டு பெண்கல்விக்கான தேசியக் குழுவை நடுவணரசு அமைத்து, துர்காபாயைத் தலைவராக்கியது. அடுத்த ஆண்டு அறிக்கை வெளிவந்தது. பெண்கல்வியைப் பொதுக்கல்வியின் ஒரு மூலையில் வைத்துப் பார்க்காமல் தனிச் சிக்கலாகக் கொண்டு அதற்கென நிதி ஒதுக்கவேண்டும் என அக்குழு வலியுறுத்தியது. கிராமத்தில் பணிபுரியும் ஆசிரியைகளுக்குக் குடியிருப்பு, பெண்களுக்கு விடுதிகள் ஆகியவற்றையும் பரிந்துரைத்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிலும் தொடக்கப்பள்ளிகளில் ஆசிரியை இல்லாதபோது, பள்ளித்தாய் என்னும் பெயரில் ஒரு பெண்மணியை நியமிக்கவேண்டும் என்பதும் பரிந்துரைகளுள் ஒன்று. பிள்ளைகளின் தூய்மையும் பாதுகாப்பும் அவர் பொறுப்பு. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் சிறுமி நம்பத்தகுந்த ஒரு முகத்தை அங்கே காணவேண்டும் என்பது இதன் உட்பொருள். பெண்கல்விக்கான தேசிய மன்றத்தின் முதல் தலைவராகவும் துர்காபாயே அமர்ந்தார்.

பார்வையற்றோர் நலத்திலும் அவர் கருத்துச் செலுத்தினார். 1962 இல் தில்லியில் சமூக வளர்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார். 1975 ஆம் ஆண்டு பத்மவிபூஷண் விருது அவருக்கும் கணவருக்கும் ஒருங்கே கிடைத்தது.

வேலூர்ச் சிறையில் கண்ட பெண்களை மட்டும் அவர் மறக்கவில்லை. 1953 இல் சீனா சென்றிருந்தபோது அங்கே குடும்ப வழக்குகளை விசாரிக்கும் தனி மன்றங்களைப் பற்றி ஆராய்ந்தார். கணவன் மனைவி பிணக்கு, பிள்ளைகளின் பராமரிப்பு, வாழ்க்கைப்படி போன்றவற்றைத் திருட்டு வழக்கைப் போல நடத்துதல் முறையன்று. இணக்கம் காணவும் அச்சமின்றிப் பேசவும் தனி மன்றம் தேவை என்று அவர் கருதினார். நாடு திரும்பியதும் நீதிபதிகள் சாக்ளா, கஜேந்திரகட்கர் ஆகியோரிடமும் பிரதமர் நேருவிடமும் அதனை எடுத்துரைத்தார். எனினும் சட்டம் உடனே வரவில்லை.

துர்காபாய் 1981 ஆம் ஆண்டு மே 9 அன்று மறைந்தார். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இன்று சாகேத், துவாரகா, ரோகிணி ஆகிய இடங்களிலுள்ள நீதிமன்ற வளாகங்களில் குடும்ப நீதிமன்றங்கள் இயங்குகின்றன.