பூண்டி ஏரியைத் தந்த மேயர்

சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரிகளில் பூண்டியும் ஒன்று. அதற்கு "சத்தியமூர்த்தி சாகர்" என்று பெயர்.

ஏரி அமையப் பாடுபட்டவர் தீரர் சத்தியமூர்த்தி. ஆனால் அதில் தண்ணீர் நிரம்பியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை!

திருமயத்துப் பிள்ளை

புதுக்கோட்டைச் சீமையில் உள்ள திருமயத்தில், 1887-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி சத்தியமூர்த்தி பிறந்தார். வக்கீலுக்குப் படித்தார். ஆனால் தேசத் தொண்டில் இறங்கிவிட்டார்.

மேடைப் பேச்சில் அவர் சிங்கம். டெல்லி சட்டசபையில் அவர் கேள்வி கேட்டால், வெள்ளைக்கார அதிகாரிகள் திணறுவார்கள். காமராஜருக்கு அரசியல் குரு அவர்தான்.

மேயர் பதவி

1939-ல் அவர் சென்னை மேயர் ஆனார்.

அப்போது நகரம் செங்குன்றம் ஏரியை நம்பி இருந்தது. ஜனத்தொகையோ பெருகிக்கொண்டே போயிற்று. 1941-ம் ஆண்டுக் கணக்குப்படி 7¾ லட்சம் பேர்! ஏரித் தண்ணீர் எப்படிப் போதும்?

மழை பெய்யாமல் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓடும். எண்ணூர் அருகே வீணாகக் கடலில் கலக்கும். கோடை வந்தால் தண்ணீர்க் கஷ்டம்.

அந்த வெள்ளத்தைப் பூண்டியில் மறித்துத் தேக்க வேண்டும்; கோடைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் திட்டம்.

அது உலக யுத்த காலம். ஆட்சியோ வெள்ளைக்காரர் கையில். அந்த ஆட்சியை எதிர்ப்பவர் சத்தியமூர்த்தி. ஆனாலும் ஊர் தாகம் தீர, அதே சர்க்காரிடம் வாதாடி அனுமதி வாங்கினார். 1940-ல் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது.

சிறையும் மரணமும்

1942-ல் "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் வெடித்தது. சத்தியமூர்த்தி கைதானார். தொலைதூரத்தில் உள்ள அமராவதி சிறையில் அடைக்கப்பட்டார். உடல்நிலை மோசமாயிற்று.

1943-ம் ஆண்டு மார்ச்சு 28-ந் தேதி, சென்னை ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். வயது 55.

மறு ஆண்டு, 1944-ல், அணை வேலை முடிந்தது. பூண்டித் தண்ணீர் கால்வாய் வழியாகச் சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்கு வந்தது. அங்கிருந்து நகரத்துக்குப் போயிற்று.

1996-ல் ஆந்திராவில் இருந்து கிருஷ்ணா நதி நீர் வந்து சேர்ந்ததும் இதே பூண்டிக்குத்தான்.

நமக்குப் பாடம்

அப்படியும் 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது.

ஊர் வளர்ந்தால் தாகமும் வளரும். கோடையில் தேடினால் தண்ணீர் கிடைக்காது. மழைக் காலத்திலேயே தேக்கி வைக்க வேண்டும். சத்தியமூர்த்தி செய்து காட்டியது அதைத்தான்.