தகர டப்பாவில் பாகம் வார்த்தார். 68 வயதில் உலக சாதனை படைத்தார்!

மோட்டார் சைக்கிள் வாங்கினால் எத்தனை வருஷம் ஓட்டலாம்? பத்து வருஷம். பத்திரமாக வைத்துக்கொண்டால் இருபது. அப்புறம் காயலான் கடைதான்.

நியூசிலாந்து நாட்டில் ஒரு மனுஷர் 1920-ம் ஆண்டு மாடல் மோட்டார் சைக்கிளை 1967-ல் ஓட்டி உலக சாதனை செய்தார். மணிக்கு 183 மைல் வேகம்! அப்போது வண்டிக்கு வயது 47. ஓட்டியவருக்கு வயது 68.

அவர் பெயர் பர்ட் மன்ரோ. என்ஜினியர் பட்டம் கிடையாது. சொந்தத் தொழிற்சாலை கிடையாது. கையில் பணமும் கிடையாது. கார் நிறுத்துகிற ஒரு கொட்டகைதான் அவருக்கு வீடு, அதுதான் பட்டறை. அங்கே உட்கார்ந்து அரமும் உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு, 40 வருஷத்துக்கு மேல் ஒரே ஒரு என்ஜினைத் திரும்பத் திரும்பச் செய்தார்.

பிழைக்காது என்றார்கள்

நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊர் இருக்கிறது. மன்ரோ அங்கே 1899-ம் ஆண்டு மார்ச் 25-ந்தேதி பிறந்தார். இரட்டைக் குழந்தைகள். கூடப் பிறந்த பெண் குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது. இந்தப் பிள்ளையும் இரண்டு வயதைத் தாண்டாது என்று டாக்டர்கள் பெற்றோரிடம் கையை விரித்துவிட்டார்கள்.

ஆனால் பிள்ளை தாண்டியது. பக்கத்தில் எடென்டேல் என்ற இடத்தில் இருந்த பண்ணையில் வளர்ந்தது. பையனுக்குப் பண்ணை வேலையில் மனசு ஒட்டவில்லை. குதிரையை விரட்டுவதில்தான் ஆசை. அது பிறகு மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பியது. 16 வயதில் முதல் மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

1920-ல்தான் அவருடைய ஆயுசுக்குத் துணையாக வந்த வண்டி கைக்குக் கிடைத்தது. அதன் பெயர் இந்தியன் ஸ்கவுட். பெயரைப் பார்த்து நம் நாட்டு வண்டி என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தயாரானது. அந்தக் கம்பெனியின் சின்னம் இறகுத் தலைப்பாகை அணிந்த செவ்விந்தியர் தலை. இந்தியன் என்ற பெயர் அவர்களைக் குறித்ததுதான்.

அந்த மாடலில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த 627-வது வண்டி அது. இரண்டு சிலிண்டர், 600 சி.சி. என்ஜின். கையால் கியர் மாற்ற வேண்டும். முழு வேகமே மணிக்கு 55 மைல்தான் (88 கிலோமீட்டர்). அந்தக் காலத்துக்கு அது நல்ல வேகம். மன்ரோவுக்குப் போதவில்லை.

ராத்திரிப் பட்டறை

1926-ல் என்ஜினைப் பிரித்தார். அன்று ஆரம்பித்த வேலை கடைசிவரை முடியவே இல்லை.

பகலில் மோட்டார் சைக்கிள் விற்கும் உத்தியோகம். ராத்திரி முழுவதும் பட்டறை. வேகத்துக்கு வேண்டிய உதிரி பாகங்களைக் கடையில் வாங்க முடியாது. பழைய வண்டி, அதற்கு யார் புதுசாகச் செய்து விற்பார்கள்? செய்தாலும் வாங்கக் காசில்லை. அதனால் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது என்று இறங்கிவிட்டார்.

பிஸ்டன், சிலிண்டர், சுழல் சக்கரம் எல்லாம் வீட்டுத் தயாரிப்பு. உலோகத்தை உருக்குவார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து ஊற்றி, ஆறியதும் அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவருவார். பிஸ்டனையும் சுழல் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடை, கனமான பழைய வண்டி அச்சு இரும்பிலிருந்து கையாலேயே செதுக்கி எடுத்தார்.

அளவு பார்ப்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. என்ஜின் வேலையில் தலைமயிர் கனம் பிசகினாலும் காரியம் கெட்டுப்போகும். அதற்கென்றே மைக்ரோமீட்டர் என்ற கருவி உண்டு. மன்ரோ கையில் இருந்ததோ சக்கரத்திலிருந்து கழற்றிய ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பி! அதை வைத்துத்தான் அளந்தார்.

சும்மா பெரிசு பண்ணியதோடு நிற்கவில்லை. என்ஜினின் அமைப்பையே மாற்றினார். அந்த வண்டியில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன. எரிபொருளும் காற்றும் வளைந்து வளைந்து உள்ளே போக வேண்டும். வேகத்துக்கு அது தடை. மன்ரோ வால்வுகளை சிலிண்டரின் தலைக்குமேல் கொண்டுபோனார். அதற்குத் தக்கபடி வால்வைத் திறந்து மூடும் கேம்களையும் இரண்டிலிருந்து நான்காக்கினார். பெரிய கம்பெனிகள் வரைபடம் போட்டு, ஆள் வைத்துச் செய்கிற வேலை இது. அவர் ஒற்றை ஆளாக, தெரிந்ததை வைத்துச் செய்து பார்த்து, உடைந்தால் ஏன் உடைந்தது என்று பார்த்து, மறுபடி செய்தார்.

உடையாமல் இருக்குமா? 600 சி.சி.க்காகச் செய்த என்ஜின் கூட்டை 850, 920, கடைசியில் 950 சி.சி. வரை கொண்டுபோனார். உள்ளே வெடிப்பின் பலம் கூடக் கூட, பிஸ்டனுக்கும் ராடுக்கும் விழுகிற அடியும் கூடும். வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குமிழி இருந்தால் போதும். பல மாத உழைப்பு ஒரு நிமிஷத்தில் தூள்.

உடைந்த பாகங்களை மன்ரோ தூக்கி எறியவில்லை. பட்டறைச் சுவரில் பலகை அடித்து, கடையில் சாமான் அடுக்குகிற மாதிரி வரிசையாக அடுக்கி வைத்தார். வேகத் தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கை என்று அந்தப் பலகைக்குப் பெயரும் எழுதினார்.

குடும்பமும் விலையானது

1938-ல் முதல் முறையாக நியூசிலாந்து தேசிய வேக சாதனையைப் பிடித்தார். பிறகு இன்னும் ஏழு தேசிய சாதனைகள் வந்தன.

வீட்டுப் பக்கம் நிலைமை வேறு. 1927-ல் கல்யாணம் ஆகி, நான்கு குழந்தைகள் பிறந்தன. பகலில் வியாபாரம், ராத்திரியில் பட்டறை என்று இருக்கிறவருக்குக் குடும்பம் எந்த நேரத்தில்? 1940-களின் கடைசியில் மனைவியைப் பிரிந்தார். வேலையையும் விட்டார். கார் கொட்டகையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டு வண்டியோடு குடியேறிவிட்டார். சாதனையைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

1950-களின் கடைசியில் உடம்பும் எச்சரித்தது. நெஞ்சுவலி வந்தது. இருதயக் கோளாறு. அந்த வயதில், அந்த உடம்போடு யாராக இருந்தாலும் வண்டியை மூலையில் சாத்தியிருப்பார்கள். மன்ரோ அமெரிக்கா போக மூட்டை கட்டினார்.

உப்பு மைதானத்தில்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பானவில் என்ற உப்பு மைதானம் இருக்கிறது. ஆதிகாலத்தில் ஏரியாக இருந்து வற்றிய இடம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று மேடு பள்ளம் இல்லாத உப்புத் தரை. உலகத்து வேகப் பைத்தியங்கள் எல்லாம் கூடுகிற இடம் அது.

1962-ல் மன்ரோ தன் பழைய இந்தியனோடு அங்கே போய் நின்றார். அப்போது அவருக்கு 63 வயது. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காக, வண்டியைச் சுற்றி மீன் உடம்பு மாதிரி ஒரு கூடு. அதற்குள் உடம்பை நீட்டிக் குனிந்து கிடந்தபடிதான் ஓட்ட வேண்டும்.

ஒரு தடவை வேகமாகப் போனால் மட்டும் அங்கே சாதனை ஆகாது. போன வழியிலேயே திரும்பி வர வேண்டும். இரண்டு ஓட்டத்துக்கும் சராசரி போடுவார்கள். அதாவது, போகும்போது என்ஜின் உடைந்தால் எல்லாம் போச்சு.

உடையவில்லை. மணிக்கு 178.97 மைல் (288 கிலோமீட்டர்). 883 சி.சி. பிரிவில் உலக சாதனை! 55 மைல் ஓடிய வண்டியை மூன்று மடங்குக்கு மேல் ஓட வைத்துவிட்டார்.

1966-ல் மறுபடி வந்து, 168 மைல் வேகத்தில் இன்னொரு பிரிவில் சாதனை.

1967-ல்தான் உயிருக்கு ஆபத்து நெருங்கி வந்தது. ஓட்டம் பாதிக்குமேல் போய்க்கொண்டிருந்தபோது வண்டி ஆட ஆரம்பித்தது. வேகத்தைக் குறைக்க மன்ரோ தலையைத் தூக்கி நிமிர்ந்தார். காற்றே முட்டுக்கட்டையாகும் என்பது கணக்கு. ஆனால் அந்தக் காற்று அவருடைய கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கண் தெரியவில்லை. பாதையைக் காட்டும் கருப்புக் கோட்டைவிட்டு வண்டி எங்கோ விலகி ஓடியது. வழியில் நட்டிருந்த இரும்புக் கம்பம் ஒன்று சில அங்குல இடைவெளியில் தப்பியது. கடைசியில் உப்புத் தரையில் வண்டியைச் சாய்த்தார். அங்கங்கே சிராய்ப்பு. அவ்வளவுதான்!

அதே 1967 ஆகஸ்டில், 1,000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் அவருடைய பெயர் ஏறியது. சராசரி வேகம் மணிக்கு 183.59 மைல் (295 கிலோமீட்டர்). ஒரு வினாடிக்கு 82 மீட்டர்! தகுதி ஓட்டத்தில் ஒரு திசையில் 190 மைலையும் தொட்டார்.

ஊரை விட்டுப் போகக் கூடாது

அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. என்ஜினைப் பிரித்து மாட்டிக்கொண்டுதான் இருந்தார். 1971-ல் ரோஜர் டொனால்ட்சன் என்ற இயக்குனர் அவரைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுத்தார். அதே டொனால்ட்சன் 2005-ல் முழு நீள சினிமாவும் எடுத்தார். அதில் மன்ரோவாக நடித்தவர் ஆண்டனி ஹாப்கின்ஸ். அதைப் பார்க்க மன்ரோ இல்லை.

1977-ல் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. இனி ஓட்ட முடியாது என்று தெரிந்ததும் வண்டியை உள்ளூர் வியாபாரி ஒருவரிடமே விற்றார். இன்வர்கார்கில் வட்டாரத்தை விட்டு அது வெளியே போகக் கூடாது என்பது அவர் ஆசை. அப்படியே, அந்த ஊர் இரும்புச் சாமான் கடை ஒன்றில் வண்டி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆணி வாங்க வருகிறவர்கள் உலக சாதனை வண்டியையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

1978 ஜனவரி 6-ந்தேதி மன்ரோ இறந்தார். வயது 78. டாக்டர்கள் கொடுத்த கெடு இரண்டு வயது.

36 வருஷம் கழித்து, 2014-ல் அவருடைய மகன் ஜான் பழைய சாதனைக் கணக்கைப் பார்த்தபோது கூட்டல் பெருக்கலில் ஏதோ உதைத்தது. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குத் தெரிவித்தார். சங்கம் சரிபார்த்தது. 1967-ல் கணக்குப் போட்டவர்கள் தவறு செய்திருந்தார்கள். அரை மைல் குறைத்துப் போட்டுவிட்டார்கள். மன்ரோவின் சாதனை மணிக்கு 184.087 மைல் என்று திருத்தி எழுதப்பட்டது.