சத்துமாவுக் கஞ்சிக்கும் குன்னூர் எலிகளுக்கும் என்ன சம்பந்தம்? ராபர்ட் மெக்காரிசனின் கதை

காலை ஏழரை மணிக்கு தாம்பரத்தில் பீச் லோக்கலைப் பிடிக்க ஓடுகிற யாரைக் கேட்டாலும் டிபன் பற்றி ஒரே பதில்தான்: டைம் இல்லை. பாலில் கொட்டிச் சாப்பிடும் பாக்கெட் சீரியல் குரோம்பேட்டை, சேலையூர் மளிகைக் கடைகள் வரை வந்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அதே கிச்சன் ஷெல்ஃபில், ஊரிலிருந்து அம்மா அரைத்து அனுப்பிய சத்துமாவு டப்பா ஒன்றும் தொடாமல் கிடக்கும். தானியத்தைத் தீட்டத் தீட்ட அதில் என்ன போகிறது என்று நூறு வருடம் முன்பே குன்னூரில் உட்கார்ந்து பார்த்த ஒரு டாக்டரின் கதை இது.

யார் இவர்?

ராபர்ட் மெக்காரிசன் 1878-ல் அயர்லாந்தின் போர்ட்டடவுனில் பிறந்தவர். பெல்ஃபாஸ்ட்டில் மருத்துவம் படித்துவிட்டு 1901-ல் இந்திய மருத்துவப் பணிக்கு வந்தார். முதலில் சித்ரால், பிறகு கில்கித். கழுத்துக் கழலை தண்ணீரால் வருகிறதா என்று தெரிந்துகொள்ள, அந்தத் தண்ணீரின் வண்டலைத் தானே குடித்துப் பார்த்த ஆள். கொஞ்சம் ஓவர்தான், ஆனால் மனிதர் அப்படி.

ஒற்றை அறை ஆய்வகம்

1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் அவருக்கு ஒரே ஒரு அறை கிடைத்தது. வேலை, பெரிபெரி நோயை ஆராய்வது. கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் பலவீனமாகி ஆளையே கொல்லும் நோய் அது. தவிட்டோடு போய்விடும் பி1 வைட்டமின் கிடைக்காததுதான் காரணம்.

சென்னை மாகாணத்தில் இந்த நோய் அதிகம் இருந்தது இன்றைய ஆந்திராவின் கடலோர மாவட்டங்களில். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி. புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகளில் இந்த நோய் குறைவு. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் பி1 அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. பச்சரிசியில் மிச்சமிருக்கும் கொஞ்சமும் பல தண்ணீர் கழுவும்போது போய்விடும்.

இதற்கு நடுவில் 1923-ல் அரசு சிக்கனம் என்று சொல்லி ஆய்வையே நிறுத்தியது. 1925-ல்தான் திரும்பத் தொடங்கியது.

எலிகளுக்கு மெட்ராஸ் சாப்பாடு

அவரைப் பிரபலமாக்கியது எலிகள்தான். சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், வங்காளி, மெட்ராஸி என இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைத் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென இருந்தன. தீட்டிய அரிசியை நம்பிய வங்காளி, மெட்ராஸி கூட்டங்கள் கடைசி வரிசையில்.

இதைப் படிக்கும்போது நமக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ராகிக் களியும் கம்பங்கூழும் சாப்பிட்டவர்களும் அதே மெட்ராஸ் மாகாணத்துக்காரர்கள்தானே? ஒரு மாகாணத்துக்கே ஒரு தட்டு என்று வைத்தது பிரிட்டிஷ் காலத்துப் பார்வை. பாலும் வெண்ணெயும் யாருக்குக் கட்டுப்படியானது என்பதையும் எலிக்கூண்டு சொல்லாது. ஆனால் தவிடு போனால் சத்து போகும் என்ற அடிப்படை இன்றும் அசையவில்லை.

சிறுதானியத்தையும் அவர் விடவில்லை. வேளாண் வேதியியலாளர் விஸ்வநாத்துடன் சேர்ந்து, எரு போட்டு வளர்த்த தானியத்துக்கும் உரம் போட்டதற்கும் சத்தில் வித்தியாசம் உண்டா என்று 1926-ல் ஆய்வு வெளியிட்டார்.

1928-ல் அந்த ஒற்றை அறை முழு ஊட்டச்சத்து ஆய்வகமாகி, அவரே முதல் இயக்குநர். 1933-ல் சர் பட்டம், 1935-ல் ஓய்வு, 1960-ல் மரணம். ஆய்வகம் 1958-லேயே ஹைதராபாத் போய்விட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

அப்போ நம்ம டப்பாவில்?

அரை கிலோ ராகி, கால் கிலோ கம்பு, ஒரு கைப்பிடி பச்சைப்பயறு. இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் மொட்டை மாடியில் காயவையுங்கள். முளைகட்டினால் ராகியின் இரும்பும் கால்சியமும் உடம்பில் நன்றாகச் சேரும். லேசாக மட்டும் வறுங்கள், அதிகச் சூட்டில் பி1 போய்விடும். கொஞ்சம் நிலக்கடலையைத் தனியே வறுத்து, அதோடு சேர்த்து மில்லில் கொடுங்கள். அரைத்ததைச் சலிக்க வேண்டாம், அந்தத் தவிட்டுக்குத்தான் இவ்வளவு பாடு. கஞ்சி காய்ச்சி, பாலோ மோரோ ஊற்றிக் குடிக்கலாம். குன்னூர் எலிகளுக்கும் தானியம் மட்டும் போதவில்லை.