கண்டிச்சீமைக்கு வந்த பூசண ஆய்வாளர்

சென்ற ஐப்பசி மழைக்குப் பின் எங்கள் வாசல் வேப்பமரம் நுனியிலிருந்து காய்ந்து வரத் தொடங்கியது. ஒரு கிளையை ஒடித்துவந்து நம் தாவரவியல் பேராசிரியரிடம் காட்டினேன். ஃபோமாப்சிஸ் என்னும் பூசணத்தால் வரும் நுனிக்கருகல் நோய் என்றார். வீட்டில் போய்ச் சொன்னேன். என் தந்தையார் மருந்து என்னவென்று மட்டும் கேட்டார். என்னிடம் விடையில்லை.

இதே கேள்வியின் முன் இரண்டு ஆண்டுகள் நின்றவர் ஹாரி மார்ஷல் வார்டு. நண்பர்களுக்கு அவரை அறிமுகம் செய்வதில் மகிழ்ச்சி அடைகிறேன்.

இங்கிலாந்தின் ஹெரிபோர்டு நகரில் 1854-ஆம் ஆண்டு ஓர் இசைக்கலைஞரின் மகனாகப் பிறந்தார். இளவயதிலேயே பள்ளியை விட்டவர், பின்னர் இலண்டனில் ஹக்ஸ்லியின் வகுப்பில் சேர்ந்து, கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பில் தேறினார்.

அந்நாளில் இலங்கை மலைகளெங்கும் காபி. 1869-இல் ஒரு துருநோய் அங்கே தோன்றியது. இலையின் அடிப்புறம் மஞ்சள் பொடி படியும், இலை உதிரும், மொட்டையான கிளைகள் நுனியிலிருந்து காயும். 1880-இல் அரசாங்கம் வார்டை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு!

அவர் செய்த சோதனைகள் எளியவை. நம் ஆய்வகத்திலும் செய்யலாம். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்தார். காற்றில் வந்த வித்துகள் அவற்றில் ஒட்டின. நீர்த்துளியில் வித்து முளைப்பதையும், முளைக்குழல் இலைத்துளை வழியே உள்ளே நுழைவதையும் கண்டார். நுழைந்தபின் மேலே எதைத் தூவியும் பயனில்லை. காற்றை மறிக்கக் காடில்லாமல் மலை முழுதும் ஒரே பயிரை வைத்ததே நோய்க்கு வழிவிட்டது என்றும் எழுதினார்.

தோட்டக்காரர்களுக்கு இது போதவில்லை. அவர்கள் கேட்டது மருந்து. 1882-இல் வார்டு மருந்து சொல்லாமலே திரும்பினார். அவர் தோற்றதாகவே பலர் எண்ணினர். நான் அப்படி எண்ணவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1885-இல், பிரான்சில் மில்லார்டே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையை வெளியிட்டார். வித்து நுழையுமுன் தெளிக்க வேண்டிய மருந்து அது.

இலங்கைக் காபி அதற்குள் அழிந்துகொண்டிருந்தது, தேயிலை வந்தது. இதில் நம் ஊருக்கும் பங்குண்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் திருச்சி, மதுரை ஜில்லாக்களிலிருந்தும் கங்காணிகளின் பின்னே போனவர்கள் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழி நடந்து மலையேறினார்கள். வழியில் மாண்டோர் பலர். காபி பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்புவார்கள். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். குடும்பத்தோடு போனவர்கள் அங்கேயே தங்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூசணம் எத்தனை பேரை ஊர் திரும்பாமல் செய்திருக்கிறது! இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

வார்டு பின்னர் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் இந்தியாவுக்கு வரவிருந்த வன அதிகாரிகளுக்குப் பாடம் சொன்னார். மரங்களும் அவற்றின் நோய்களும் பற்றி 1889-இல் நூல் எழுதினார். 1895 முதல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர். நீரிழிவு நோயால் 1906-இல் ஐம்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

எங்கள் வேம்பு பங்குனியில் மீண்டும் துளிர்த்தது. வார்டைப் பற்றிப் படித்ததைத் தந்தையாரிடம் சொன்னேன். அடுத்த மழைக்கு முன்பே காய்ந்த கிளைகளை வெட்டி எரித்துவிடலாம் என்று அரிவாளைத் தீட்டி வைத்திருக்கிறார்.