பானி லூ ஹேமர் அம்மையார்

வாக்குரிமை சட்டத்தில் எழுதப்பட்ட மாத்திரத்தே மக்கட்குக் கைகூடிவிடுவதன்று. அதனைத் தகுதி என்னும் பெயராலேயே மறுத்தலும் உண்டு. அம்மறுப்பை எதிர்த்து நின்றோருள் அமெரிக்க நாட்டுப் பானி லூ ஹேமர் அம்மையார் தலைசிறந்தவர்.

1917-ஆம் ஆண்டில் மிஸிஸிப்பி மாகாணத்தில், வாரத்திற்குப் பயிரிடும் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் இருபதாவது மகவாகப் பிறந்த இவர், ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் புகுந்தார். 1962 ஆகஸ்டு 31-இல் பதினெழுவருடன் இண்டியனோலா நகரடைந்து, வாக்காளராகப் பதிவுசெய்ய வேண்டினார். மாகாண அரசியற் சட்டத்தின் ஒரு பிரிவுக்குப் பொருள் விளக்குமாறு பணித்தனர். பிரிவைத் தெரிபவரும் விடையைத் தள்ளுபவரும் வெள்ளையரான பதிவதிகாரி ஒருவரே. முறையீட்டிற்கு இடம் யாது? அம்மையார் தேறவில்லை. பதினெட்டாண்டு உழைத்த பண்ணையினின்றும் அன்றே வெளியேற்றப்பட்டார்.

மனந்தளராது மீண்டும் முயன்று 1963 ஜனவரியில் தேறினார். அவ்வாண்டு ஜூன் மாதம் வினோனா நகரச் சிறையில் அடியுண்டு சிறுநீரகம் பழுதுற்றார். பின்னர் வாக்களிக்கச் சென்றவிடத்தும், வாக்குவரி ரசீது இல்லையெனத் தடுக்கப்பட்டார். 1964-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின்முன் இவர் உரைத்த சான்றைத் தொலைக்காட்சி வாயிலாக நாடே கேட்டது.

1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அத்தேர்வை அங்கு ஒழித்தது. அதற்குமுன் நூற்றுக்கு எழுவரினும் குறைவாகப் பதிவுபெற்றிருந்த அம்மாகாணக் கறுப்பினத்தார், 1967-இல் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபதின்மராயினர். குறை மக்களிடத்ததன்று, தேர்விடத்ததே என்பது இதனால் விளங்கும்.

அம்மையார் 1977-இல் மறைந்தார். அன்பர்களே! ஒருவர் தகுதியை அளக்குங்கால், அளவுகோல் யார் கையிலுள்ளது என முதற்கண் நோக்குவோமாக.