ஹென்றி மாட்ஸ்லே

ஹென்றி மாட்ஸ்லே (ஆகஸ்ட் 22, 1771 – பெப்ரவரி 14, 1831) ஓர் ஆங்கிலேய இயந்திரப் பொறியாளர் ஆவார். லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தில் உளியை அசையாமல் இறுக்கிப் பிடித்துத் துல்லியமாக நகர்த்தும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் என்று அறியப்படுகிறார்.

இளமை

வுல்விச்சில் பிறந்தார். 12 ஆவது வயதில் அங்கிருந்த படைக்கலச் சாலையில் வெடிமருந்து நிரப்பும் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் தச்சும் கொல்லுத் தொழிலும் கற்றார். 1789 இல் பூட்டு செய்பவரான ஜோசப் பிராமாவிடம் பணியில் அமர்ந்தார். பிராமாவின் கடையில், சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்புடன் வைக்கப்பட்ட பூட்டு 1851 வரை எவராலும் திறக்கப்படவில்லை. அப்பூட்டைச் செய்தவர் மாட்ஸ்லே என்பர். ஆயினும் வாரக் கூலியான 30 ஷில்லிங்கை உயர்த்த பிராமா மறுத்ததால், 1797 இல் விலகி இலண்டனில் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

கடைசல் இயந்திரம்

அக்காலத்தில் கடைசல்காரர் உளியைக் கையால் தாங்கியின் மேல் அழுத்திப் பிடித்தே பெரும்பாலும் கடைந்தனர். இரும்பைக் கடையும்போது கை சற்று நடுங்கினாலும் திருகின் புரி பிசகிவிடும். ஆகவே ஒரு திருகாணிக்குச் செய்த நட்டு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

உளியைப் பற்றும் நகர்தாங்கியை மாட்ஸ்லேயே கண்டுபிடித்தார் எனச் சில நூல்கள் கூறுவது சரியன்று. அது பிரான்சில் முன்னரே இருந்தது. நகர்தாங்கி, அதனை இழுத்துச் செல்லும் வழித்திருகு, மாற்றத்தக்க பற்சக்கரங்கள் ஆகிய மூன்றையும் உறுதியான உலோகச் சட்டத்தில் இணைத்து, 1800 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பயனுள்ள இயந்திரமாக்கியதே அவரது சாதனை.

மதுரையில் புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளின் பட்டறைகளில் ஓடும் லேத்துகளும் இந்த ஏற்பாட்டின் வழிவந்தவையே. உளியை விரைவில் மாற்ற உதவும் டூல் போஸ்ட் 20 ஆம் நூற்றாண்டில் வந்தது. அதுவும் மேல் நகர்தாங்கியில் உள்ள, தலைகீழான 'டி' எழுத்து வடிவக் காடியில் நட்டு வைத்தே இறுக்கப்படுகிறது. நட்டு காடியில் முழுமையாகப் படிந்திருக்க வேண்டும். அதன் தலை காடிக்கு மேல் துருத்தினால் டூல் போஸ்ட் இறுகாது. அடிப்பரப்பில் சுருள் துகள் சிக்கினாலும் உளி அதிர்ந்து, கடைந்த பரப்பு வரிவரியாகிவிடும்.

பிற பணிகள்

மார்க் புருனெல் வடிவமைத்த கப்பல் கப்பி செய்யும் இயந்திரங்களைப் போர்ட்ஸ்மவுத் கப்பல்துறைக்காக உருவாக்கினார். அவற்றைக் கொண்டு 110 தொழிலாளரின் வேலையைப் 10 பேர் செய்தனர் எனப்படுகிறது. பட்டறையில் சச்சரவு எழும்போது அளவைத் தீர்த்துவைத்த அவரது நுண்ணளவிக்கு, இறுதித் தீர்ப்பு வழங்குவதால், 'லார்டு சான்சலர்' என்று பெயர். ஜோசப் விட்வர்த், ஜேம்சு நாசுமித், ரிச்சர்டு ராபர்ட்சு ஆகியோர் அவரிடம் பணியாற்றியவர்கள்.

மறைவு

பிரான்சிலிருந்து திரும்பும் கடற்பயணத்தில் குளிர் தாக்கி நோயுற்று இறந்தார். வுல்விச்சில், தாமே வடிவமைத்த வார்ப்பிரும்புக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.